கரிப்பூர மூடியிருக்கணுமாம்

ஞாயித்துக்கிழமை நம்ம ஊர் மேடைல ஒருத்தர் பேசினாரே, அந்த வீடியோ எல்லாரு போன்லயும் ஓடிட்டு இருக்கு, அதனால முழுசா திரும்ப சொல்லல. "அன்னிக்கே அந்த கரிப்பூர் ஏர்போர்ட்ட இழுத்து மூடியிருந்தா நம்ம பக்கம் நோவே வந்திருக்காது, நாலு காசுக்காக தொறந்து விட்டுட்டாங்க"ன்னாரு. 2020 கொரோனாவத்தான் சொல்றாரு, கரிப்பூர்னா மலப்புறத்துல இருக்கற கோழிக்கோடு ஏர்போர்ட். கீழ உக்காந்திருந்தவங்க கை தட்டுனாங்க. தட்டுனதுல ரெண்டு பேரு எங்கூட பாலக்காட்டு சித்தூர்ல ஒரே பெஞ்சுல படிச்சவனுங்க. ரெண்டு நாளா தூக்கம் இல்லீங்க எனக்கு.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, மூடித்தான் இருந்துச்சு. 2020 மார்ச் 23ல வெளிநாட்டு விமானம் நின்னுச்சு, 25ல உள்நாட்டு விமானமும் நின்னுச்சு. அந்த ஒன்றரை மாசம் கரிப்பூர்ல நான் இருந்தேன், லக்கேஜ் ஏத்தி எறக்கற கான்ட்ராக்ட் வேலை. ஏணி வண்டி எல்லாம் வரிசையா வெயில்ல நிக்கும், பேட்டரி செத்துரக்கூடாதுன்னு தெனமும் ஒருதடவ ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டு நிறுத்துவோம், அவ்வளவுதான் வேலை. எப்பவாவது சரக்கு விமானம் வரும். அதுல இருந்து நாங்க என்ன எறக்கினோம் தெரியுமா? சவப்பெட்டி. துபாய்ல, சவுதில செத்துப்போனவங்க. கூட வர ஒரு ஆள் கெடையாது, ஏன்னா ஆளுங்க ஏறற விமானமே இல்ல. வெளிய கேட்டுகிட்ட மாஸ்க் போட்டுட்டு ரெண்டு பேரு நிப்பாங்க, கையெழுத்து போட்டு வாங்கிட்டு போவாங்க. மூடி வெச்ச ஏர்போர்ட் அப்படித்தாங்க இருந்துச்சு, மேடைல ஆசைப்பட்டாரே, அது.

அப்புறம் மே 7 ராத்திரி, வெளிநாட்டுல மாட்டிக்கிட்டவங்கள கூட்டிட்டு வந்த வந்தே பாரத் திட்டத்துல கரிப்பூருக்கு மொத விமானம் துபாய்ல இருந்து வந்துச்சு. அன்னிக்கே அபுதாபில இருந்து கொச்சிக்கு ஒண்ணு. தொறந்தது யாருக்காகன்னு கேக்கறீங்களே, வந்தவங்கள நான் கண்ணால பாத்தேன். வயித்துல புள்ளையோட பொண்ணுங்க, வேலை போனவங்க, விசா முடிஞ்சவங்க, ஆஸ்பத்திரிக்கு வழியில்லாத வயசானவங்க. ஓசில யாரும் வரல, டிக்கெட் காசு அவங்கவங்கதான் குடுத்தாங்க, அந்த காசையும் கடன் வாங்கி குடுத்தவங்க இருந்தாங்க. வெளிய வந்ததும் கட்டிப்புடிக்க ஆளில்ல, கர்ப்பிணிங்களையும் சின்ன குழந்தைங்களையும் வீட்டுல தனியா இருக்க சொல்லி அனுப்பினாங்க, மத்தவங்கள அப்படியே பஸ்ஸுல ஏத்தி தனிமை மையத்துக்கு கொண்டு போனாங்க. நாலு காசுக்காக தொறந்தாங்கன்னு சொல்ல எப்படிங்க வாய் வருது?

பிபிஇ கிட் போட்டிருக்கீங்களா யாராவது? மே மாசம், மலப்புறத்து புழுக்கத்துல, விமானம் நிக்கற வெட்டவெளி தளத்துல. போட்டா ஷிப்ட் முடியறவரைக்கும் கழட்ட முடியாது, தண்ணி குடிக்க முடியாது, ஒண்ணுக்கு போக முடியாது. முகத்துக்கு முன்னாடி இருக்கற ஷீல்டுல நம்ம மூச்சே ஆவியா படிஞ்சு பெட்டி நம்பர் தெரியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் மருந்து அடிச்சு, அது காயறதுக்குள்ள தூக்கி, கையுறைக்குள்ள விரலெல்லாம் ஊறிப் போயிரும்.

இப்ப கேப்பீங்க, "வெளிநாட்டுல இருந்துதானப்பா வந்துச்சு நோய்?" ஆமா, வந்துச்சு. இந்தியால மொத கேஸு 2020 ஜனவரி 30, வூஹான்ல படிச்சிட்டு திருச்சூருக்கு வந்த ஒரு பொண்ணு. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அப்ப எல்லா ஊர் ஏர்போர்ட்டும் தொறந்துதான் இருந்துச்சு. மே மாசத்துக்கு அப்புறம் வந்தவங்க பேரு, சீட் நம்பர், போன் நம்பர், எந்த வார்டு, எல்லாம் லிஸ்ட்ல இருந்துச்சு, வார்டு சுகாதார ஊழியருங்க, ஆஷா வொர்க்கர்னு சொல்லுவாங்க, தெனமும் கூப்பிட்டு காய்ச்சல் இருக்கான்னு கேட்டாங்க. தமிழ்நாட்டு எல்லைல வேலந்தாவளம் பக்கம் தோப்புக்குள்ள பூந்து ஊடுவழில வந்தவங்களுக்கு எந்த லிஸ்ட்? அவங்களையும் நான் குத்தம் சொல்லலீங்க, வீட்டுக்கு வரணும்னு நெனச்சா மனுசன் வரத்தான் செய்வான். அதத்தான் நானும் சொல்றேன். ரோட்டுல ட்ரம்ம வெச்சு அடைச்ச அதே மாசத்துல ஒரு வாசலையாவது ஒழுங்கா தொறந்து, எண்ணி, உள்ள விட்டாங்க, அந்த வாசல்ல நின்னவங்கள போயி குத்தம் சொல்றீங்க.

"கொச்சி இருக்குல்ல, பெரிய ஏர்போர்ட், அங்கயே எறக்கியிருக்கலாமே, கரிப்பூர் மலை உச்சி, டேபிள் டாப், ரன்வே முடியற எடத்துல பள்ளம், ஆபத்து"ன்னு ஒருத்தர் கமென்ட்ல வந்தாரு. கோழிக்கோடு மலப்புறத்துக்காரங்களுக்கு கொச்சி எவ்வளவு தூரம்னு அவரே மேப்ல பாத்துக்கட்டும். ஆனா ஆபத்துன்னு சொன்னதும் எனக்கு வேற நெனப்பு வந்துருச்சு.

ஆகஸ்ட் 7. அன்னிக்கு நான் லீவுல ஊர்ல இருந்தேன், அது என்னைக்கும் மனசுல குத்திட்டேதான் இருக்கு. மழை. துபாய்ல இருந்து 190 பேரோட வந்த விமானம், கிட்டத்தட்ட பாதி ரன்வே தாண்டித்தான் சக்கரம் தரைய தொட்டுச்சு, நிக்கல, கெழக்கால பள்ளத்துல விழுந்து ஒடஞ்சுச்சு. ரெண்டு பைலட்டும் சேத்து 21 உயிரு போச்சு. விசாரணை அறிக்கை அடுத்த வருசம் செப்டம்பர்ல வந்துச்சு, பைலட் நடைமுறைய பின்பற்றலன்னு சொல்லுச்சு. செத்துப் போனவர் மேல பழி போட எனக்கு மனசு வரல, அத விடுங்க. நான் சொல்ல வந்தது ஏர்போர்ட்டுக்கு பக்கத்து ஊரு கொண்டோட்டிக்காரங்கள பத்தி.

அப்ப கொண்டோட்டி கன்டெயின்மென்ட் ஸோன். வெளிய வந்தாலே போலீஸ் புடிக்கற நேரம். சத்தம் கேட்டதும் ஓடியாந்தாங்க, இருட்டுல, மழைல, பெட்ரோல் வாசனை அடிக்குது, எப்ப வெடிக்கும்னு தெரியாது. கொரோனா யாருக்கு இருக்குன்னு யாரும் கேக்கல. புள்ளைங்கள தூக்கி மார்ல சாத்திட்டு ஓடினாங்க, ஆம்புலன்ஸுக்கு காத்திருக்காம அவங்கவங்க கார்ல, ஆட்டோல போட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, ராத்திரியோட ராத்திரியா ரத்தம் குடுக்க வரிசைல நின்னாங்க. அப்புறம் எல்லாரும் வீட்டுக்குள்ள போயி தனிமைல உக்காந்தாங்க. மலப்புறம் கலெக்டருக்கே அடுத்த வாரம் பாசிட்டிவ் வந்துச்சு. ரெண்டாவது நினைவு நாளுக்கு, பொழச்சவங்களும் செத்தவங்க வீட்டுக்காரங்களும் நஷ்டஈட்டு காசுல இருந்து எடுத்து அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு கட்டடம் கட்டித் தரோம்னு முன்னுக்கு வந்தாங்க. நீங்க மூடியிருக்கணும்னு சொல்றது இந்த ஜனங்க வாழற ஊரு.

"நீ அங்க சம்பளம் வாங்குனவன், அப்படித்தான் பேசுவ"ன்னு ஒரு சொந்தக்காரரே எழுதியிருக்காரு. மாமா, எனக்கு நாலு மாசம் பாதி சம்பளம். மீதி இன்னும் வரல. அதுகூட பரவால்ல. மொத லீவுக்கு நான் ஊருக்கு வந்தப்ப டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் பேப்பரோட வந்தேன். எங்க தெருவுல பைப்புல தண்ணி புடிக்க எங்கம்மாவ விடல. எங்க பசு பால மூணு வாரம் யாரும் வாங்கல, அம்மா பால கீழ ஊத்த மனசு வராம கன்னுக்கே விட்டுச்சு. சாயங்காலம் திண்ணைல உக்காந்து ரோட்டையே பாத்துட்டு இருக்கும், யாராவது ஏனுங்கன்னு ஒரு வார்த்தை கேப்பாங்களான்னு. எனக்கு ரூம் வாடகைக்கு குடுத்த கொண்டோட்டி இத்தா, இத்தான்னா அக்கா, சொந்தமும் இல்ல பாஷையும் வேற, தெனமும் கதவுக்கு வெளிய கஞ்சியும் பயறும் மூடி வெச்சிட்டு ஜன்னல்ல தட்டிட்டு போகும். பொறந்த ஊர்ல எங்கம்மா தண்ணிக்கு நின்னுச்சு. இத நான் இதுவரைக்கும் எழுதினதில்ல. எழுத வெச்சுட்டீங்க.

வீடியோவ அழிக்க சொல்லல. பேசினவர் பேர கமென்ட்ல போடாதீங்க, அவரு வீட்டுலயும் கல்ஃப்ல ஆள் இருக்கு, அவங்க என்ன பண்ணுனாங்க. கமிட்டிக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அடுத்த தடவ அந்த மேடை போடறப்ப, கொண்டோட்டில அன்னிக்கு ராத்திரி ஓடினவங்கள்ல ரெண்டு பேர கூப்பிடுங்க. எனக்கு ஆள் தெரியும். வண்டிச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் நான் பாத்துக்கறேன், அவங்க மலையாளத்துல பேசட்டும், நமக்கு யாருக்குங்க அது புரியாது?