நிலத்துக்குள் வரும்போது அரசு, கடமை என்றால் கம்பெனியா?

குழாய்களில் இயற்கை எரிவாயு கொண்டுபோகும் கெயில் நிறுவனம் பருவநிலைக்கும் பதில் சொல்ல வேண்டும், வாயு எவ்வளவு கசிகிறது, எரிகிறது, எப்போது குறைப்பீர்கள் என்று நேற்றைய பதிவில் கேட்டிருந்தேன். அதன் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். ‘கெயில் ஒரு கம்பெனி. வாயு கொண்டுபோவது அதன் வேலை. பருவநிலையைப் பார்ப்பது அரசின் வேலை’ என்று ஒரு நண்பர் எழுதினார். அதற்கு அத்தனை விருப்பக்குறிகள். எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை.

கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1962ஆம் ஆண்டு குழாய்ச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் வயலுக்குள் வருகிறார்கள்? நிலம் நம் பெயரில்தான் இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் 2013இல் போராடினார்கள். 2016இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாக வந்தது. அப்போதெல்லாம் ‘பொது நன்மை’ என்றார்கள். கெயிலின் பாதிக்கு மேல் பங்கு மத்திய அரசிடம் இருக்கிறது. அரசின் அதிகாரத்தோடு வருகிறவர்கள் அரசின் கடமையையும் சுமந்துதான் வர வேண்டும்.

2035க்குள் நிகர சுழியம், அதாவது வெளியிடும் கரியமிலத்தைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை என்ற நிலை, என்று கெயில் அறிவித்திருக்கிறதே என்பீர்கள். அந்தக் கணக்கில் இருப்பது நிறுவனம் நேரடியாக வெளியிடுவதும், அது வாங்கும் மின்சாரத்தின் பங்கும்தான். குழாயின் மறுமுனையில் எரிகிற வாயு அதில் இல்லை. சுமையின் பெரும்பங்கு அங்கேதான்.

நிலக்கரியைவிட வாயு மேல் என்பது உண்மை, எரிக்கும்போது. எரியாமல் கசிந்தால்? அந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். அது 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். மேலை நாடுகள்தான் அதிகம் புகை கக்கின என்பதையும் மறுக்கவில்லை. அதற்காக இன்று பதிக்கும் குழாய் இன்னும் பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடக்கும் என்பது பொய்யாகிவிடுமா?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் கரையைக் கடந்தது. பொழுது விடிந்ததும் அப்பா தோப்புக்குப் போனார். வேரோடு சாய்ந்த தென்னைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒரு மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. ஒரு புயலை ஒரு கம்பெனியின் தலையில் கட்ட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கடல் சூடாகிக்கொண்டே போகிறது, புயல்கள் வலுக்கின்றன. ‘அது எங்கள் வேலை இல்லை’ என்று ஆளாளுக்குச் சொன்னால் அப்பா யாரிடம் போய் நிற்பார்?

பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று 2024இல், அழிந்துவரும் கானமயில் பறவையைக் காக்கத் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இது நானாகக் கிளப்பும் கேள்வி இல்லை.

நண்பரே, என்னை ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்றும் எழுதியிருந்தீர்கள். அதுதான் வலித்தது. எங்கள் வீட்டிலும் வாயு அடுப்புதான் எரிகிறது. குழாயைப் பிடுங்கச் சொல்லவில்லை. எவ்வளவு கசிகிறது, மறுமுனையில் எவ்வளவு எரிகிறது, அதை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைப்பீர்கள்? இதைத்தான் கேட்டேன். இப்போதும் அதையேதான் கேட்கிறேன்.