“அதை யாரும் பார்க்கப் போறதில்லை”

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டையும் பார்த்துவிட்டீர்கள், அதனால் முழுக் கதையை மறுபடியும் சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்களுக்கு ஒரு வரியில்: வீட்டுச் செடிகளைப் பற்றிய என் கட்டுரையில் நான் எழுதிய பட விளக்கங்களை அழித்துவிட்டு, எடிட்டர் அங்கே கீவேர்டுகளை, அதாவது மக்கள் கூகுளில் தட்டித் தேடும் சொற்களை, திணித்துவிட்டார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நான் எழுதிக் கொடுத்த கட்டுரையில் 11 படங்கள். பதினொன்றுக்கும் ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் விளக்க வரி, எழுதியிருந்தேன். வெளியானபோது பதினொன்றிலும் ஒரே வரி இருந்தது: ‘வீட்டுச் செடி வளர்ப்பு, வீட்டுச் செடி வளர்ப்பு டிப்ஸ், சிறந்த வீட்டுச் செடி வளர்ப்பு முறை’. ஏன் மாற்றினீர்கள் என்று எடிட்டரிடம் கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் இந்தப் பதிவின் தலைப்பு.

என் எழுத்தைத் திருத்துவது அவர் வேலை. வாக்கியத்தைச் சுருக்கினார், சரி. ஒரு பத்தியையே தூக்கினார், அதுவும் சரி. அதற்கெல்லாம் நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என்னால் விழுங்க முடியாமல் போனது அந்த ‘யாரும்’ என்ற சொல்.

என் அண்ணனுக்கு 34 வயதில் பார்வை மங்கத் தொடங்கியது. விழித்திரையில் வந்த நோய். ஆறு வருடத்தில் அறையில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும் நிலைக்கு வந்துவிட்டார். இப்போது அவர் படிப்பதெல்லாம் காதால்தான். போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ: இரண்டும் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர்கள். நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் அது வாசித்துக்கொண்டே போகும், அவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார். நடுவில் ஒரு படம் வந்தால் அந்தக் கருவிக்குப் படத்தைப் பார்க்கத் தெரியாது. ஆல்ட் டெக்ஸ்ட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசிக்கும். அந்த இடமே விடுபட்டிருந்தால் வெறுமனே ‘படம்’ என்று சொல்லும், சில நேரம் கோப்பின் பெயரை எண் எண்ணாக ஒப்பிக்கும்.

நான் எழுதுவதையெல்லாம் அண்ணன் கேட்பார். அன்றும் கேட்டார். 11 படம், 11 முறை ‘வீட்டுச் செடி வளர்ப்பு, வீட்டுச் செடி வளர்ப்பு டிப்ஸ்’. ஏழாவது படத்தில் நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்தார். “இதை நீயா எழுதின?” என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆகவே, யாரும் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். அதை ஒருவர் கேட்கிறார்.

இனி, எடிட்டர் செய்தது சரி என்று திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு.

“அப்போ கீவேர்டே வேண்டாம்னு சொல்றீங்களா?” இல்லை. எங்கேயும் சொல்லவில்லை. நான் கீவேர்டு பார்க்காமல் ஒரு கட்டுரையும் தொடங்குவதில்லை. கீவேர்டு என்பது படிக்க வருகிறவர் தன் வாயால் கேட்கும் கேள்வி. செடி வாடிப்போன கவலையில் இருப்பவர் ‘இலை ஏன் மஞ்சளாகிறது’ என்றுதான் தேடுவார். நான் அதன் அறிவியல் பெயரான பச்சையசோகை என்று தலைப்பு வைத்துவிட்டு, மஞ்சள் என்ற சொல்லே வராமல் 900 சொல் எழுதினால் அவருக்கும் எனக்கும் பாலமே இல்லை. அவர் சொல்லைத் தலைப்பில் வைக்கிறேன், முதல் பத்தியில் வைக்கிறேன், பொருந்தினால் ஓர் உள்தலைப்பில் வைக்கிறேன். அது அவருக்குக் கொடுக்கும் மரியாதை. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அந்தச் சொல் தேவையான இடத்திலெல்லாம் தானாகவே வரும். மஞ்சளான இலையைப் பற்றி எழுதும்போது மஞ்சள், இலை, செடி என்ற சொற்களைத் தவிர்ப்பதுதான் கஷ்டம்.

ஆல்ட் டெக்ஸ்ட்டிலும் இதே கதைதான். அந்த ஐந்தாவது படத்துக்கு நான் எழுதியிருந்தது இது: ‘தண்ணீர் போதாத செடியின் இலை: விளிம்பு பழுப்பாகி மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது, நடுப்பகுதி இன்னும் பச்சை’. ஆறாவதுக்கு: ‘தண்ணீர் அதிகமான செடியின் இலை: முழுதும் மஞ்சளாகித் துவண்டு தொங்குகிறது, மண் ஈரமாக இருக்கிறது’. செடி இருக்கிறது, இலை இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது. தேடுபொறிக்கு வேண்டியது எல்லாமே இருக்கிறது. திணித்த சொல் ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கட்டுரையின் உயிர். அந்த இரண்டுக்கும் ஒரே வரியை ஒட்டிவிட்டால், கேட்கிறவருக்கு என்ன மிஞ்சும்?

“கூகுளுக்குப் பிடிக்கும், அதனால் போடுகிறோம்” என்கிறார்கள். கூகுளுக்கு அது பிடிக்கும் என்று யார் சொன்னது? கூகுள் சொல்லவில்லை. பக்கத்தின் மறைவான குறியீட்டில் கீவேர்டுகளை எழுதிவைக்கும் மெட்டா கீவேர்டு டேக்கை இணையத் தேடல் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்தார்கள். கீவேர்டு திணிப்பது அவர்களுடைய ஸ்பேம் கொள்கைப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. படங்களுக்கான வழிகாட்டியில் ஆல்ட் டெக்ஸ்ட்டைக் கீவேர்டால் நிரப்பாதீர்கள் என்று எழுதி, உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாய்க்குட்டி படம். நாய்க்குட்டி, குட்டிநாய், நாய்க்குட்டிகள் என்று ஆரம்பித்து, நாய் இனங்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, மலிவான நாய்த் தீனி வரைக்கும் ஒரே ஆல்ட் டெக்ஸ்ட்டில் கொட்டியிருப்பதைக் காட்டி, இப்படிச் செய்யாதீர்கள் என்கிறார்கள். எறிந்ததை ஓடிப் போய் எடுத்துவந்து விளையாடும் டால்மேஷன் குட்டி என்று என்ன தெரிகிறதோ அதைச் சொல்வதுதான் நல்லது என்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. கூகுளின் பெயரைச் சொல்லி என் வரிகளை அழித்தவர் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்திருக்கலாம்.

2019-இல் கூகுள் தேடலுக்குள் பெர்ட் வந்தது. சொல்லைச் சொல்லாக எண்ணுவதைத் தாண்டி, வாக்கியத்தில் அந்தச் சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்று பார்க்கும் முறை. தேடுபொறி வாக்கியத்தைப் புரிந்துகொள்ள அவ்வளவு பாடுபடும் காலத்தில், நாம் வாக்கியத்தை உடைத்துச் சொற்குவியலாக்கி அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

போட்டியாளர்கள் திணித்துத்தான் மேலே நிற்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். சில பேர் நிற்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்காக நானும் செய்ய வேண்டுமா?

இன்னொருவர் கேட்டதுதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. “பார்வையில்லாதவங்க எத்தனை பேர் நம்ம கட்டுரையைப் படிக்கப் போறாங்க?” தெரிந்த ஒருவர் கேட்ட கேள்வி. என் அண்ணனைத் தெரிந்த ஒருவர். எண்ணிக்கை வேண்டுமென்றால் தருகிறேன்: உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்கு ஏதோ ஒருவிதப் பார்வைக் குறைபாடு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிக்கை வெளியிட்டது. அத்தனை பேரும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பதில்லை, கண்ணாடி போட்டால் சரியாகிவிடுகிறவர்களும் அதில் உண்டு. அதையும் நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு நீங்கள் வந்து பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எனக்கு அந்த எண்ணிக்கையே தேவையில்லை. எத்தனை பேர் என்று கேட்பதற்குப் பின்னால், இத்தனைக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம் என்ற ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் என் அண்ணன் எந்தப் பக்கம் விழுவார் என்று எனக்குச் சொல்லுங்கள்.

அந்த ஆல்ட் என்ற இடம் எதற்காக வந்தது என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.-இல், 1995-இல் வந்த 2.0 பதிப்பிலேயே அது இருக்கிறது. படம் காட்ட முடியாத இடத்தில் படத்துக்குப் பதிலாக நிற்க வேண்டிய சொற்கள், அவ்வளவுதான். 1999-இல் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான அணுகல் வழிகாட்டியை வெளியிட்டபோது, படம் போன்ற ஒவ்வொன்றுக்கும் ஈடான எழுத்து கொடுங்கள் என்பதை முதல் விதியாக வைத்தார்கள். இன்றுவரை முதல் இடத்தில் அதுதான் இருக்கிறது. படம் ஏறாமல் கட்டம் மட்டும் தெரியும்போது கண் உள்ளவர்களும் அந்த வரியைத்தான் பார்க்கிறார்கள். ஒருவருக்காகக் கட்டி வைத்த படிக்கட்டில் நாம் விளம்பரப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, இங்கே யாரும் ஏறுவதில்லையே என்று சொல்கிறோம்.

அலங்காரத்துக்குப் போடும் படம் என்றால் ஆல்ட்டில் எதுவும் எழுதாமல் காலி மேற்கோள் குறிகளாக (alt="") விட்டுவிடலாம், கருவி அதைத் தாண்டிப் போய்விடும். கேட்கிறவர் நேரம் மிச்சம். இதுகூடப் பல பேருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் எதையாவது நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

“இப்போ ஏ.ஐ.யே எழுதிடுதே” என்பவர்களுக்கும் சொல்கிறேன். முகநூல் 2016-இலிருந்து தானாகவே பட விளக்கம் போடுகிறது. ‘செடி இருக்கும் படமாக இருக்கலாம்’ என்பதுபோல வரும். இன்றைய கருவிகள் அதைவிட நிறையவே சொல்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் படத்தை நான் ஏன் அந்த இடத்தில் வைத்தேன் என்று அதற்குத் தெரியாது. தொட்டியின் நிறத்தைச் சொல்லும், ஜன்னலைச் சொல்லும், இலையின் விளிம்பை விட்டுவிடும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு திருத்துங்கள், நானும் அப்படிச் செய்வதுண்டு. படிக்காமல் அப்படியே ஒட்டாதீர்கள்.

தமிழில் எழுதுகிற நமக்கு இதில் இன்னொரு வலியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் சொல் அசையாமல் ஒரே இடத்தில் நிற்காது. செடி, செடியை, செடிக்கு, செடியில். மரம் என்றால் இன்னும் மோசம், ‘மரம்’ போய் ‘மரத்து’ வந்து நிற்கும்: மரத்தை, மரத்துக்கு, மரத்தில். சொன்ன கீவேர்டு சொன்னபடியே எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் காட்டும் எஸ்.இ.ஓ. (தேடலில் கட்டுரையை மேலே கொண்டுவரும் வேலை) கருவிக்கு இதில் எதுவும் புரியாது. ‘மரத்துக்கு’ என்று எழுதினால் மரம் இல்லை என்று சிவப்பு விளக்கு காட்டும். அதைப் பச்சையாக்க நாம் வேற்றுமை உருபை வெட்டுகிறோம். ‘உங்கள் வீட்டுச் செடி வளர்ப்பு சிறக்க, வீட்டுச் செடி வளர்ப்பு டிப்ஸ் அறிந்து, வீட்டுச் செடி வளர்ப்பு தொடங்குங்கள்’. இப்படி ஒருவர் நேரில் பேசினால் உடம்பு சரியில்லையா என்று கேட்போம். எழுதினால் எஸ்.இ.ஓ. என்கிறோம்.

இதை நான் மேலே நின்றுகொண்டு சொல்லவில்லை. இரண்டு வருடம் நானும் அந்தப் பச்சை விளக்குக்காகத்தான் எழுதினேன். 900 சொல்லில் 14 முறை வர வேண்டும் என்பார்கள், எண்ணி எண்ணிச் செருகியிருக்கிறேன். நல்ல வாக்கியம் ஒன்று கையில் வந்து விழும், அதற்குள் கீவேர்டு இல்லையே என்று அழித்திருக்கிறேன். அந்தக் காலத்தில் எழுதிய எதையும் அண்ணனுக்கு நான் அனுப்பியதில்லை. ஏன் அனுப்பவில்லை என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தத் திங்கட்கிழமைதான் கேட்டேன். அவர் கேட்டுவிடுவார் என்ற பயம்தான். அப்படியானால் அந்த எழுத்து யாருக்காக? படிக்கிறவருக்காக இல்லை, அண்ணனுக்காக இல்லை, கூகுளே வேண்டாம் என்கிறது. எல்லாரும் சேர்ந்து யாருமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

என்னை உணர்ச்சிவசப்படுகிறேன் என்றும் ஒருவர் எழுதினார். ஆமாம், படுகிறேன். பதினொன்றையும் எழுத எனக்கு 40 நிமிடம் ஆனது. ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, அண்ணனுக்குப் போனில் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வேன் என்று யோசித்து எழுதினேன். அழிக்க எடிட்டருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

நேரமில்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே வரியை 11 இடத்தில் ஒட்ட நேரம் இருந்தது.

நேற்று இரவு அவரிடமிருந்து செய்தி வந்தது. நான்கு படங்களுக்கு என் வரிகளைத் திரும்பப் போட்டுவிட்டாராம், மீதியைப் பிறகு பார்க்கலாமாம். அந்த நான்கில் ஐந்தாவதும் ஆறாவதும் இல்லை. மீதி ஏழும் வரும்வரை என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

அதை அனுப்பிவிட்டு அண்ணனுக்குப் போன் செய்து, நான் எழுதிய பதினொன்றையும் வரிசையாக வாசித்துக் காட்டினேன். ஐந்தாவதில் நிறுத்தச் சொன்னார்.

“மொறுமொறுன்னா, தொட்டா உடையுமா?”

“உடையும்ணா.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நாற்காலி நகர்ந்தது, நடக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் போனை எடுத்து, “ஜன்னல் பக்கத்துல இருக்கிறது உடையுது. தண்ணி ஊத்திட்டு வரேன், வெச்சிடாத” என்றார்.