வேலியோரச் சங்குப்பூ போதும்
சிவப்பு முட்டைக்கோஸ் சாற்றில் எலுமிச்சையோ ஆப்ப சோடாவோ சேர்த்து நிறம் மாறுவதைக் காட்டும் சோதனை பாலர் பள்ளிக்கு அருமை. ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் இதற்குக் காசே செலவழிக்க வேண்டாம். வேலியோரச் சங்குப்பூ போதும், நாசி கெராபு என்னும் மலாய்ச் சோற்றுக்கு நீலம் ஏற்றும் அதே பூ. வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் பிள்ளைகளிடம் கொடுங்கள். எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. ஆப்ப சோடா போட்டால் பச்சை கலந்த நீலம். ஆசிரியர்களே, தயவுசெய்து விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், அவர்களே பிழிந்து பார்க்கட்டும்! அப்புறம் அந்த நீரைத் தூரிகையில் தொட்டு வரையச் சொல்லி, படத்தின் மேல் எலுமிச்சைச் சொட்டு விடச் சொல்லுங்கள். ரப்பர் இலையைத் தாளுக்கடியில் வைத்து வண்ண மெழுகால் தேய்ப்பதும் நல்லது, நரம்பெல்லாம் பதியும். ரப்பர் விதை மட்டும் வேண்டாம். பச்சையாகத் தின்றால் நஞ்சு.