படம் பிடிக்கக் காசு இருக்கு, படிக்க இல்லை

போன மாசம் எங்க செட்டிநாட்டு வீட்டு முகப்புப் பட்டாலையில் பாயை விரித்து, எங்க ஐயா 1942-க்கு முன்னால் பர்மாவிலிருந்து ஊருக்கு அனுப்பிய கணக்குப் பேரேடுகளைப் பரப்பினோம். ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். நல்ல பிள்ளை, தமிழ் பேசும், கந்தரப்பம் ரெண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடும். மூணு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் திட்டமாம். கேமராவும் விளக்கும் கல்யாண வீடு மாதிரி!

ஒரு பக்கத்தில் தொகைக்குப் பக்கத்திலே ‘வ’ என்று இருந்தது. வரவு என்று குறித்துக்கொண்டது பிள்ளை. 84 வயசுக் கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார். “அது வரவு இல்லம்மா, கால். மூணே கால் ரூவா.”

கணக்கப்பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு சால்வை, ஆட்டோ காசு. பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன், கேட்டுத்தான் பார்த்திருக்கு. படித்துச் சொல்கிறவருக்குச் சம்பளம் தர பட்ஜெட்டில் தலைப்பே இல்லையாம்.

வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்கிற ஆள் நானில்லை. பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த சுமார் ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும், அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம்தான் வாங்கியது. வாங்கியும் கப்பலேற்றவில்லை, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்திலும் மூலம் நாட்டை விட்டுப் போகாது, நகல்தான் போகும். மரியாதையான ஏற்பாடு.

ஆனால் எத்தனை ஆயிரம் படம் எடுத்தீர்கள் என்பதோடு பல திட்டங்களுக்குக் கணக்கு முடிந்துவிடுகிறது. ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எது, தவணை வட்டி எது, மாகாணியை (பதினாறில் ஒரு பங்கை) எப்படி எழுதுவார்கள் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், லண்டனில் பார்த்தாலும் காரைக்குடியில் பார்த்தாலும் அது வெறும் கிறுக்கல்தான்.

இதில் நம்ம நாட்டு வெளிநாட்டு நிதிச் சட்டம் (FCRA) வேறு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவு உச்சவரம்பும் 50-லிருந்து 20 சதவீதமாகிவிட்டது. சென்னைப் பெரிய நிறுவனத்துக்கு வந்த பணத்தில் எங்க ஊர்ச் சின்ன டிரஸ்டுக்குப் பங்கு கொடுக்க வழியில்லை.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினோம், தமிழக அரசே 10 கோடி கொடுத்தது. பெருமைதான். நானும் என்னால் முடிந்ததைப் போட்டேன். அதே கையால் இங்கே ஒரு கணக்கப்பிள்ளைக்கு மாசச் சம்பளம் போட ஏன் தோன்றவில்லை? கடைக்குக் கடை மகமை என்று தர்மத்துக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துக் கோயிலும் சத்திரமும் பாடசாலையும் நடத்திய ஆட்கள் நாம். ஐயாவின் பேரேட்டிலேயே மகமைக்குத் தனிக் கணக்கு இருக்கு. அந்தப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டியதும் அந்த 84 வயசுக் கணக்கப்பிள்ளைதான்.

அவருக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு முன்னால் நாலு சனிக்கிழமை வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறார், சம்பளத்துக்கு. முதல் மாசம் நான் பார்த்துக்கொள்கிறேன், அடுத்ததுக்குப் பங்கு போடுகிறவர்கள் இன்பாக்ஸில் வாங்க. படிக்க வருகிறவர்கள் பென்சில் மட்டும் கொண்டாங்க. ஏட்டில் மை பட்டால் எங்க ஆச்சி யாரையும் விடமாட்டாள்.