வேலைக்கு வருபவரை வேலை விசாவில்தான் அழைக்க வேண்டும்

பதினொரு ஆண்டுகளாக ஓசூர்த் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவுகளில் பணிபுரிகிறேன். வெளிநாட்டுப் பொறியாளர்களின் விசா கோப்புகள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். ஆள் அவசரமாகத் தேவை என்பதற்காக, சம்பளத்துக்கு வேலை செய்யப்போகிறவரை வணிக விசாவில் வரவழைக்கும் பழக்கத்தை நம் பகுதி நிறுவனங்கள் அடியோடு கைவிட வேண்டும்.

முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் தைவான் பொறியாளர் ஒருவரை அப்படித்தான் அழைத்து வந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்தவர் என்று தாளில் எழுதிவிட்டு, ஷிப்ட் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். விசாரணை வந்த அன்று, கிருஷ்ணகிரி அலுவலக வராந்தாவில் சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட்டைக் கையால் பொத்தியபடி அவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தவறு எங்களுடையது, பாதி வேலையில் ஊர் திரும்பியவர் அவர். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வேலை விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் குறைந்தது 16.25 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும் என்பதே சிறு நிறுவனங்களைத் தயங்க வைக்கிறது. ஆங்கிலம் அல்லாத மொழிகளின் ஆசிரியர், அந்தந்த நாட்டு உணவு சமைக்கும் சமையல்காரர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு உண்டு. இந்த வரம்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். இங்கே தகுதியுள்ளவர் கிடைக்கும் வேலைக்கும், எழுத்தர் வேலை போன்ற சாதாரணப் பணிகளுக்கும் இந்த விசா கிடையாது என்ற விதி, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் காத்திருக்கும் நம் பிள்ளைகளைக் காக்கிறது.

விசா கிடைத்ததோடு பொறுப்பு முடிவதில்லை. 180 நாட்களுக்கு மேற்பட்ட வேலை விசாவில் வருபவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவரைத் தங்க வைக்கும் விடுதியோ வீட்டு உரிமையாளரோ 24 மணி நேரத்துக்குள், அவர் தங்கியிருக்கும் விவரத்தைத் தெரிவிக்கும் மூன்றாம் எண் படிவத்தை (முன்பு ‘சி’ படிவம்) இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பாகலூர் சாலைப் பக்கம் வீடு தருபவர்களில் பலர் சாவியைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று நினைக்கிறார்கள். ஆகவே நான் பக்கத்தில் அமர்ந்து அந்தப் படிவத்தை நிரப்பித் தருகிறேன். வேலை ஓசூரிலும் குடியிருப்பு அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூரிலும் இருந்தால், பதிவும் குடியிருக்கும் இடத்தையே பின்பற்றும். இதை அறியாமல் இரண்டு மாநிலங்களுக்கு இடையே அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2025 செப்டம்பர் 1 முதல், 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய படிவக் கோப்புகளை நம்பிக் காலம் தள்ளுபவர்கள் அவற்றை இப்போதே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மாவட்டக் காவல் அலுவலகம் மாதம் ஒரு நாள் ஓசூரிலேயே இதற்கென முகாம் நடத்தினால், தனியாக மனிதவளப் பிரிவு வைக்க வசதியில்லாத சிப்காட் சிறு நிறுவனங்களும் வீட்டு உரிமையாளர்களும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரிக்குப் போகாமலேயே தங்கள் சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ள முடியும்.