சுவரில் நாலு வரி தமிழில் எழுதி வையுங்கள்

கும்பகோணத்தில் எங்களுக்குப் பாத்திரக்கடை, அப்பா காலத்திலிருந்து. கடை வாசலில் உட்கார்ந்து பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுதான் நான் முதலில் கற்றுக்கொண்ட வேலை. அப்போது உளியும் சின்னச் சுத்தியும், இப்போது மிஷின். தாய்மாமன் சீர், புதுமனை புகுவிழா அன்பளிப்பு, கோயிலுக்கு உபயம், செத்துப்போனவர் நினைவாக ஒரு சொம்பு என்று முப்பது வருடமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுத வந்தது ஓவிய, சிற்பக் கண்காட்சிகளைப் பற்றி. அதற்குப் பெயர் வெட்டுகிற கதை எதற்கு என்று கேட்கலாம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

2017 ஜனவரிக்கு முன்னால் நவீன கலைக் கண்காட்சி என்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் எங்கள் ஊரிலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1887-ல் தொடங்கியது. அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், உள்ளே போகத் தோன்றியதில்லை. அக்கா மகன் அங்கே சிற்பம் படிக்கச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பக்கம் கவனமே போனது. அவன்தான், “மாமா, கொச்சியில பியன்னாலே நடக்குது, துணைக்கு வாங்க” என்று கூப்பிட்டான். தஞ்சாவூர் போய், காரைக்காலிலிருந்து எர்ணாகுளம் போகிற ரயிலைப் பிடித்தோம்.

பியன்னாலே என்றால் பல நாட்டுக் கலைஞர்கள் கலந்துகொள்கிற பெரிய கலைக் கண்காட்சி. கொச்சியில் அதை 2012 டிசம்பர் 12-ல் தொடங்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று நடத்துகிறார்கள். நாங்கள் போனது மூன்றாவது. ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் ஹவுஸ் என்று கடலை ஒட்டிய பழைய வியாபாரக் கம்பெனி வளாகம், கிடங்குகள். கிடங்கு எனக்குப் பழகிய இடம் என்பதால் கொஞ்சம் தைரியமாக நுழைந்தேன்.

ஒரு நீளமான கிடங்கு முழுக்கத் தண்ணீர். செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடக்க வேண்டும். வயலில் இறங்கிப் பழகிய காலுக்குத் தண்ணீர் புதிதில்லை. ஆனால் தலைக்கு மேல் கூரை, இரண்டு பக்கமும் சுவர், அங்கங்கே சில வரிகள், அந்தக் கோடியில் இன்னும் கொஞ்சம் எழுத்து, அவ்வளவுதான். எல்லோரும் பேசாமல் நடந்தார்கள். பாதி தூரம் போனதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. எதற்காக நடக்கிறோம் என்றே தெரியவில்லை. “என்னடா இது?” என்றேன்.

தண்ணீரில் நின்றபடியே அவன் சொன்னான். 2015 செப்டம்பரில், சிரியாவிலிருந்து தப்பி வந்த குடும்பம் ஒன்று படகு கவிழ்ந்து கடலில் விழுந்தது. ஆலன் குர்தி என்ற சின்னப் பையன் கரையில் குப்புறக் கிடந்த படத்தை நாம் எல்லோரும் பேப்பரில் பார்த்தோம். அதே படகில் அவனுடைய அண்ணனும் செத்துப்போனான். பெயர் காலிப். அவனுக்கு அப்படி ஒரு படம் இல்லை, அதனால் உலகம் அவனைப் பேசவில்லை. சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா அந்தப் பையனுக்காகத்தான் இந்தத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார். ‘வலியின் கடல்’ என்று பெயர். கோடியில் எழுதியிருப்பது அவனுக்கான கவிதை.

அதற்கப்புறம் என்னால் கொஞ்ச நேரம் நகர முடியவில்லை. 2004 சுனாமிக்கு அடுத்த வாரம், கடையிலிருந்து குடமும் குண்டானும் லாரியில் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் பக்கம் போனவன் நான். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அக்கரைப்பேட்டையில் ஒரு அம்மா குடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல ரெண்டு பேர் பேரு வெட்டித் தருவீங்களாய்யா?” என்று கேட்டார். கையில் உளி இல்லை. குடத்தைத் திரும்ப எடுத்து வந்து, வெட்டி, மறு வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பற்றி வீட்டில்கூட நான் அதிகம் பேசியதில்லை. எங்கேயோ இருக்கிற கவிஞர் ஒருவர் கொச்சிக் கிடங்கில் தண்ணீரை நிரப்பி அந்தக் குடத்தை எனக்குத் திருப்பிக் காட்டினார். எழுத்தும் தெரியாமல், சொல்ல ஆளும் இல்லாமல் போயிருந்தால் காலை நனைத்துக்கொண்டு வெளியே வந்திருப்பேன். அந்த அறைக்கும் எனக்கும் நடுவில் இருந்தது நாலு வரி.

அப்புறம் எனக்குப் பழக்கமாகிவிட்டது. சரக்கு எடுக்கச் சென்னை, கோயம்புத்தூர் போகும்போதெல்லாம் ஒரு கண்காட்சியாவது பார்க்காமல் திரும்புவதில்லை. நான் போன பெரும்பாலான இடங்களில் சுவரில் தமிழ் இல்லை. சென்னையில் ஒரு கேலரியில், உள்ளே நுழைந்ததும் “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டார்கள். படம் பார்க்க வந்தேன் என்று சொன்ன பிறகும் நான் சுற்றி முடிக்கிறவரை பின்னாலேயே ஒருவர் வந்துகொண்டிருந்தார். இலவச அனுமதி என்று வாசலில் போட்டிருந்தது, அதையும் ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். மருமகனுக்குப் போன் செய்து சுவரில் இருந்த எழுத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். அவன் படித்துவிட்டு, “மாமா, எனக்கே இது புரியல” என்றான். நமக்குப் புரியாததைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. நம்மை நினைத்து எழுதவே இல்லை என்பதுதான் வருத்தம்.

திருவாரூர் தியாகராசர் கோயிலில் தேவாசிரிய மண்டபத்துக் கூரையைப் பார்த்திருக்கிறீர்களா? பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்கள். முசுகுந்த சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராசரைப் பூமிக்குக் கொண்டுவந்த கதை. குரங்கு முகத்தோடு ராஜா உட்கார்ந்திருப்பார், ஊர்வலம் போகும், வாணவேடிக்கை நடக்கும். ஒவ்வொரு காட்சியோடும் இது இன்னது என்று தமிழில் எழுதியிருக்கிறது. வரைந்தவர் பெயரும் இருக்கிறது, சிங்காதனம். சின்ன வயதில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் நினைவிருந்தது. போன வருடம் போய் நின்றபோதுதான், அந்த எழுத்துக்காக அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கதை தெரியும். தெரிந்தும் எழுதி வைத்தார்.

தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டும் அப்படித்தான். தான் கொடுத்ததையும், அக்கன் கொடுத்ததையும், பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் ‘கல்லிலே வெட்டுக’ என்று ராஜராஜன் சொல்கிறான். பொன் பாத்திரங்களின் எடைகூட இருக்கிறது, ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்தது என்று. வெட்டுக என்ற அந்தச் சொல்லைத்தான் நாங்கள் இன்றைக்கும் கடையில் புழங்குகிறோம். காவிரிக்கரையில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குக்கூட யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, என்ன தேதி என்று இருக்கும். லட்ச ரூபாய்ச் சிற்பத்துக்குப் பக்கத்தில் இந்த மண்ணின் எழுத்தில் ஒரு வரி இல்லை என்றால் மனம் ஒப்பவில்லை.

இதற்கு எதிராகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மருமகனே சொல்வான்: “எழுதிப்போட்டா பார்க்க மாட்டாங்க மாமா, படிச்சிட்டுப் போயிடுவாங்க.” அதிலும் உண்மை இருக்கிறது என்று எனக்குக் காட்டியது சோழமண்டலம். அப்போது சென்னைக்கு வெளியே இருந்த ஈஞ்சம்பாக்கத்தில், 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உண்டாக்கிய ஓவியர் கிராமம். துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் வேலை செய்து விற்ற காசில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். நம் சோழநாட்டுப் பெயரை வைத்திருக்கிறார்கள், நம் ஊரில் அது பலருக்குத் தெரியாது. பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கி ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று ஒரு வரிசை வரைந்தார். கட்டங்கள், எண்கள், வரி வரியாக எழுத்து. ஆனால் எந்த மொழியிலும் படிக்க முடியாத எழுத்து. என் மனைவி பார்த்தவுடனே, “ஜாதக நோட்டு மாதிரி இருக்குங்க” என்றாள். யாரும் சொல்லித்தரவில்லை. ஜாதகத்தின் சாயல் அதில் உண்டு என்று ஓவியம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவள் அங்கே ரொம்ப நேரம் நின்றாள். அந்த இடத்தில் யாராவது பக்கம் பக்கமாக விளக்கம் எழுதி வைத்திருந்தால் அவளுடைய ஜாதக நோட்டு காணாமல் போயிருக்கும்.

ஆகவே நான் கேட்பது விளக்கவுரை இல்லை. இதன் பொருள் இன்னது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். யார் செய்தது, எந்த ஊர்க்காரர், எந்தச் சாமானால் செய்தது, எந்தச் சம்பவம் மனதில் இருந்தது, இது போதும். சாமான் என்ன என்று தெரிந்தால் நம் ஊர்க்காரர்களுக்குப் பாதி வழி வந்த மாதிரி. சுவாமிமலையில் மெழுகு வார்ப்புக்குக் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மண்ணையும் உலோகத்தையும் பற்றிச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் பேசத் தயங்க மாட்டார்கள்.

போன தை மாதம் மருமகனும் அவன் சிநேகிதர்கள் நான்கு பேரும் எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டைக் கேட்டு வாங்கி, திண்ணையிலும் கூடத்திலும் கண்காட்சி வைத்தார்கள். கடையில் எடைக்கு வாங்கிப் போட்டிருந்த பழைய பாத்திரங்களை முன்கூட்டியே வந்து கிளறினான். பெயர் வெட்டிய உருப்படியாகப் பார்த்து நாற்பது எடுத்துக்கொண்டான். உருக்கப் போகிற பாத்திரம் அவை. சிலவற்றில் நான் வெட்டிய எழுத்தே இருந்தது. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோரமாகவே போய், இடத்துக்கு இடம் வண்டல் அள்ளி, ஒவ்வொன்றிலும் நிரப்பிக் கூடத்தில் வரிசையாக வைத்தான். மண் காய்ந்து வெடித்துக்கொண்டே வந்தது.

எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சு. கடைசியில், “சரி மாமா, நீங்களே வெட்டிக் கொடுங்க” என்றான். பித்தளைத் தகட்டில், மிஷின் இல்லாமல் உளியால் வெட்டினேன். அவன் பெயர், ஊர், பழைய பாத்திரம், ஆற்று வண்டல், கல்லணை முதல் பூம்புகார் வரை. வேறு ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், தெருவில் பூ விற்கிற அம்மா கூடையைத் திண்ணையில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தார். தகட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார், பெயர்களை வாய்விட்டு வாசித்தபடி. கடைசிச் சொம்புக்குப் பக்கத்தில் நின்று, வெடித்த மண்ணை விரலால் தொட்டுவிட்டு, மருமகனைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, இது எங்க ஊர்ப் பக்கத்து மண்ணா? திருவையாத்துக்கு அந்தாண்ட அள்ளுனது எது?”

அவன் ஓடிப்போய் ஒன்பதாவது பாத்திரத்தைக் காட்டினான்.