11 பூவுக்கு 20 வெள்ளி

சனிக்கிழமை நம் சிங்கப்பூரில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும்: நிகழ்ச்சியில் வைத்திருந்த பீங்கான் சடைச் சிற்பத்தில் ஒரு அம்மாவின் கைப்பை பட்டு, 11 மல்லிகைப் பூ உடைந்து விழுந்தது. காணொளியும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி ஓய்ந்துவிட்டது. கைப்பை பட்டது தற்செயல்தான், அந்த அம்மாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அவரே பதறிப் போனார். எனக்கு எரிச்சல், ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து வந்த ஒரு வாக்கியம்தான்: "மண்ணுக்கு என்ன ஆச்சோ அதைக் கொடுத்துடறோம்." கூடவே சிற்பிக்கு உறையில் 20 வெள்ளி.

மண்ணுக்கு! சரி, மண்ணையே பேசுவோம்.

கயோலின் என்ற வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள், மூன்றும் சேர்ந்ததுதான் பீங்கான் மண். கயோலின் என்ற பெயரே சீனாவின் ஜிங்டேஜென் பக்கத்திலுள்ள காவோலிங் என்ற ஊரிலிருந்து வந்தது. 20 வெள்ளிக்கு அந்தப் பின்னலுக்கு வேண்டிய மண் தாராளமாக வரும், ஒப்புக்கொள்கிறேன். கணக்கு சரி, கேள்விதான் தப்பு.

அந்தச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதுகில் தொங்கும் ஒரு சடை, அதைச் சுற்றி மல்லிகைச் சரம். ஒவ்வொரு இதழும் கட்டைவிரலால் பிளாஸ்டிக் தாளுக்கடியில் அழுத்தி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிதாக எடுத்தது. விரல் சூட்டிலேயே ஓரம் காய்ந்து வெடிக்கும். பூவும் சடையும் ஒரே ஈரத்தில் இருந்தால்தான் ஒட்டும். ஒன்று கொஞ்சம் காய்ந்திருந்தாலும் ஒட்டின இடத்தில் மயிரிழை விரிசல் விழும். அது அப்போது கண்ணுக்குத் தெரியாது, சூளையிலிருந்து வந்த பிறகுதான் பல்லைக் காட்டும். நம்மூர்க் காற்றில் ஈரம் அதிகம், மெதுவாகக் காயும், நல்லதுதானே என்பீர்கள். ஏர்கான் ஒரு பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் சுருங்கி சடையே கோணிக்கொள்ளும்.

"11 பூதானே, செஞ்சு ஒட்டிக் கொடுத்துடலாமே" என்று பின்னூட்டம் போட்ட நண்பருக்கு: பீங்கான் சூளைக்குள் ஏறக்குறைய 14 சதவீதம் சுருங்கும். 3 சென்டிமீட்டர் பச்சைப் பூ, அதாவது சுடாத பூ, வெளியே வரும்போது 2.6. சுட்டு முடிந்த சடை இனி இம்மியும் சுருங்காது. அதன்மேல் பச்சைப் பூவை வைத்துச் சுட்டால் பூ சுருங்கி இழுக்கும், சடை விட்டுக்கொடுக்காது, பூ பிய்ந்து விழும். தனியாகச் சுட்டு எபாக்ஸி பசை வைத்து ஒட்டலாமே என்றால், ஒட்டலாம். நீங்கள் உங்கள் வீட்டுப் பூச்சாடிக்குச் செய்யுங்கள்.

சூளையும் லேசுப்பட்டதல்ல. முதல் சுடல் சுமார் 1000 டிகிரி. 100-ஐத் தாண்டும் முன் ஈரம் முழுக்கப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் நீராவி உள்ளிருந்து வெடிக்கும். 573-இல் குவார்ட்ஸ் திடீரென்று உப்பும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். இரண்டு தடவையும் மெதுவாகக் கடக்க வேண்டும். இரண்டாம் சுடல் 1280 வரை போகும்போது பீங்கான் மெழுகு மாதிரி இளகும். தொங்கும் பகுதி தொய்யாமலிருக்க அதே மண்ணில் முட்டுக் கொடுக்க வேண்டும், அது சடையோடு சேர்ந்து சுருங்க வேண்டும், ஒட்டிக்கொள்ளாமலிருக்க அலுமினா என்ற, சூட்டில் உருகாத வெள்ளைப் பொடி பூச வேண்டும். சிவப்பு மண்ணில் வேலை செய்த கத்தியைக் கழுவாமல் தொட்டீர்களா, வெள்ளையில் பழுப்புப் புள்ளி, ஜென்மத்துக்கும் போகாது. நான் சூளை அடுக்கும் ஆள் என்பதால் தெரியும்: இந்தச் சடை மூன்றாவது. முதலாவது முதல் சுடலில் விண்டது. இரண்டாவது தொய்ந்து தரையைத் தொட்டது. நீங்கள் பார்த்தது பிழைத்து வந்தது. மண்ணுக்கு விலை போடுகிறவர்கள் செத்த இரண்டுக்கும் சேர்த்துப் போடுங்களேன்.

"கூட்டத்தில் வைத்தால் உடையும், கண்ணாடிப் பெட்டி போடக்கூடாதா?" போட்டிருக்கலாம், நியாயம்தான். பெட்டி கேட்டதற்கு வந்த பதில் என்ன என்பதை ஏற்பாட்டுக் குழுவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

"ரெண்டு வெள்ளிக் கடையிலேயே பீங்கான் கோப்பை கிடைக்குதே?" கிடைக்கும். பிளாஸ்டர் அச்சில் மண் கூழை ஊற்றி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கவிழ்த்தால் கோப்பை ரெடி. அதுவும் நல்ல தொழில்தான். ஆனால் கோப்பை விலையைக் கொண்டுவந்து சடைக்குப் போடுவது, தேக்காவில் பூ முழம் போடும் அக்காவிடம் "நூலுக்கு எவ்வளவு?" என்று கேட்பது மாதிரி. அதை மட்டும் யாரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா?

வெளிநாட்டுக்காரர் செய்தால் மட்டும் நமக்குக் கண் திறக்கும். பிரிட்டிஷ் மட்பாண்டக் கலைஞர் எட்மண்ட் டி வால் ஆரம்பத்தில் கிராமத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாத்திரம் வனைந்தார், சரியாக விற்கவில்லை. பிறகு பீங்கானுக்கு மாறினார். 2009-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகக் குவிமாடத்துக்குள் சிவப்புத் தட்டில் 425 பீங்கான் கலங்கள், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அங்கே போய் "மண்ணுக்கு எவ்வளவு?" என்று யாராவது கேட்டார்களா? சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைக் கொட்டினார், செய்தது ஜிங்டேஜென் கைவினைஞர்கள். மிதித்தபோது கிளம்பிய தூசு உடம்புக்கு ஆகாது என்று சில நாளிலேயே நடக்கத் தடை போட்டார்கள். அந்தத் தூசோடுதான் இங்கே எங்கள் ஆட்கள் வேலை செய்கிறார்கள், முகமூடி கட்டி, உலர்த்தேய்ப்பு இல்லாமல் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து.

நம்மூரிலும் ஆள் இல்லாமலில்லை. சிற்பி இங் எங் டெங் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் போய் மட்பாண்டக்கலை படித்தவர், 1981-இல் கலைக்கான நம் உயரிய விருதான கலாசாரப் பதக்கம். மட்பாண்டக் கலைஞர் இஸ்கந்தர் ஜலீலுக்கு 1988-இல். பதக்கம் வந்த பிறகு எல்லாரும் "நம்ம ஆள்" என்போம். அதற்கு முந்தைய வருடங்களில் அவர்களிடமும் எத்தனை பேர் மண் விலை கேட்டார்களோ.

இந்தச் சிற்பிக்குப் பதக்கம் எதுவும் இல்லை. வீவக அடுக்குமாடி வீட்டில் சூளை வைக்க வழியில்லாததால், பச்சைப் பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வாடகைச் சூளைக்கு வருகிறவர். ஒவ்வொரு மேட்டிலும் ஓட்டுநரிடம் "மெதுவா அண்ணே" என்பார். "நம்ம பிள்ளைங்க கலைத்துறைக்கு வரணும்" என்று அன்று மேடையில் பேசியவரும் உறையை நீட்டியவரும் ஒருவர்தான் என்பதை யாரும் எழுதவில்லையே என்றுதான் நான் எழுதுகிறேன்.

11 பூவையும் பொறுக்கி, டிஷ்யூவில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்துப் போனார். உறையைத் தொடவில்லை. அது இன்னும் வரவேற்பு மேசையில்தான் கிடக்கும். அடுத்த நிகழ்ச்சிக்கு மண் வாங்க உதவும்.